ஐந்து வாட்டின் கரகரப்பு

ஒரே ஒரு குமிழ் மட்டும் உள்ள 5 வாட் வால்வு ஆம்பில் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) கிட்டாரைச் செருகுங்கள். குமிழ் மூன்றில் இருக்கும்போது தந்தி மணிபோல ஒலிக்கும். ஆறுக்குத் திருப்பினால், மெல்ல மீட்டும்போது அதே தெளிவு இருக்கும். அழுத்தி மீட்டினால் தொண்டை கட்டியதுபோல் ஒரு கரகரப்பு ஏறும். விரலைத் தளர்த்தியதும் அது விலகிவிடும். வாசிப்பவர்கள் இதை ஒலி ‘உடைகிறது’ என்பார்கள். சின்ன ஆம்பில் நல்ல டோன் தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது, அந்த உடைவு எந்த இடத்தில் நிகழ்கிறது, அதற்கு முன்னும் பின்னும் ஒலி எவற்றைக் கடந்து வருகிறது என்பதைத்தான். எந்தப் பெடலை (கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே வைத்து ஒலியை மாற்றும் சிறு பெட்டியை) வாங்குவது என்ற கேள்வி அதற்குப் பிறகே வரவேண்டும்.

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய மூன்று முனை வால்வின் அடிப்படை இன்றும் மாறவில்லை. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள், சூடேறிய கேத்தோடு எலெக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே இருநூறு, முன்னூறு வோல்ட் ஏற்றிய தகடு அவற்றை இழுக்கிறது. நடுவே கம்பிவலைபோல கிரிட். கிட்டாரிலிருந்து வரும் சிறு மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி இறங்க, தகட்டில் அதே அலை பல மடங்கு பெரிதாக எழுகிறது. கிட்டார் ஆம்புகளில் அதிகம் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. சுற்றில் பொருத்திய பிறகு நடைமுறையில் கிடைப்பது 50, 60 மடங்கு.

இந்தப் பெருக்கத்துக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. கிரிட் மிகவும் எதிர்மின்னழுத்தத்துக்குப் போனால் ஓட்டமே நின்றுவிடும். மறுபக்கம், கேத்தோடைவிட நேர்மின்னழுத்தத்துக்கு ஏறினால் கிரிட்டே எலெக்ட்ரான்களை உறிஞ்சத் தொடங்கிவிடும். இரண்டிலும் அலையின் முனை மழுங்குகிறது, ஆனால் ஒரே அளவில் மழுங்குவதில்லை. இந்தச் சமனின்மைதான் இரட்டைப்படை மேல்சுரங்களைப் பிறப்பிக்கிறது. 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஐந்தாம் தந்தியோடு 220 ஹெர்ட்ஸ் சேர்ந்தால், அது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. காது அதைப் பிழையாக எண்ணாமல் செழுமையாகவே கேட்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: முனை மழுங்கிய பிறகு எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் சத்தம் அதிகம் கூடாது, நிறம்தான் கூடும். விரலின் அழுத்தம் நிறமாக மாறும் இந்த இடத்துக்காகத்தான் மனிதர்கள் இன்னமும் கண்ணாடிக் குழாய்களைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஏன் சின்ன ஆம்ப் வேண்டும்? காது சத்தத்தை மடக்கைக் கணக்கில் உணர்கிறது. வாட் பத்து மடங்கானால் கூடுவது 10 டெசிபல்; காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு சத்தம், அவ்வளவுதான். ஆக, 5 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்பின் பாதிச் சத்தம் தரும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 5 வாட் ஊட்டினால் 104 டெசிபல். ஓர் அறைக்கு இது மிக அதிகம். ஆனாலும் கடைசிக் கட்டப் பவர் வால்வு உடையும் எல்லையைத் தாங்கக்கூடிய சத்தத்தில் தொட முடிவது இங்கேதான். ஃபெண்டர் சாம்ப் போன்ற ஆம்புகளில் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு 6வி6 வால்வு. பெரிய ஆம்புகளில் இரண்டு வால்வுகள் எதிரெதிராக வேலை செய்வதால், அந்தக் கட்டத்தில் பிறக்கும் இரட்டைப்படை மேல்சுரங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒற்றை வால்வில் அவை அப்படியே தங்குகின்றன.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர். 6வி6 எதிர்பார்க்கும் சுமை சுமார் 5000 ஓம், ஸ்பீக்கரோ 8 ஓம். 25க்கு 1 என்ற சுற்று விகிதம் இரண்டையும் இணைக்கிறது. (அதனால்தான் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை இயக்கக்கூடாது: சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரில் எழும் மின்னழுத்தம் அதையே எரித்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.) சின்ன ஆம்பின் சின்ன இரும்பு உட்கருவால் தாழ்சுரங்களை முழுதாகக் கடத்த முடியாது. அதன் ஒலி ஒல்லியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். எட்டு அங்குல ஸ்பீக்கரும் குட்டிப் பெட்டியும் இன்னொரு காரணம்.

ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம். கிட்டார் ஸ்பீக்கர்கள் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். உடைந்த அலையின் கூர்மையான மேல்சுரங்களை அந்தக் காகிதக் கூம்புதான் வடிகட்டுகிறது. ஒலியை வேண்டுமென்றே உடைக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நேராகப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் செருகினால் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்பது இதனால்தான். அதே சின்ன ஆம்பை, ஓம் பொருந்தும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள், ஒலிக்கு உடம்பு வந்துவிடும். 3 டெசிபல் கூடுதல் திறனுள்ள ஸ்பீக்கர், சத்தக் கணக்கில் ஆம்பின் வாட்டை இருமடங்காக்கியதற்குச் சமம்.

இப்போது பெடலுக்கு வருவோம். இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் உடையும்போது, அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 110உம் 165உம் ஒன்றாக உடைந்தால் வித்தியாசம் 55, அதாவது அதே சுரத்தின் கீழ் ஸ்தாயி. ஸ – ப என்ற இந்த ஜோடி டிஸ்டார்ஷனில் கம்பீரமாக நிற்பது இதனால்தான். பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வைத்தால், கிட்டார் ஃப்ரெட்டில் அது 138.6 ஹெர்ட்ஸ், வித்தியாசம் 28.6. எந்தச் சுரத்தோடும் சேராத அந்த முனகல்தான் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை, குழப்பிவிடுகிறது. தாழ்சுரங்கள் ஓங்கி வந்தால் இன்னும் மோசம்: கிரிட் உறிஞ்சிய மின்னூட்டம் முன்னிருக்கும் மின்தேக்கியில் தேங்கி, வால்வு கணநேரம் அடைத்துப்போய்த் திணறும்.

ஆக, உடைவதற்கு முன் தாழ்சுரங்களைக் குறைப்பது நல்லது. இபானெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடல் செய்வது இதையே. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க அதன் பெருக்கம் குறைகிறது. அதற்கு மேலே நடுச்சுரங்கள் முழு வேகத்தில், அலையின் முனையை மழுக்கும் டயோடுகளை மோதுகின்றன. அதன் டிரைவ் குமிழை (பெடலே தரும் உடைவின் அளவு) மிகக் குறைத்து, லெவல் குமிழை (பெடலிலிருந்து வெளியேறும் அலையின் அளவு) ஏற்றி, ஏற்கெனவே உடையும் விளிம்பில் நிற்கும் ஆம்பில் விட்டுப்பாருங்கள். பெடல் இங்கே நிறம் பூசுவதைவிட, வால்வைப் பின்னாலிருந்து தள்ளும் வேலையைத்தான் அதிகம் செய்கிறது. டிரைவை முழுதாக ஏற்றினால் பெடலே எல்லா முனைகளையும் மழுக்கிவிடும். வால்வு காட்ட வேண்டிய விரல் வேறுபாடு அதற்கு முன்பே தொலைந்துவிடும்.

பெடல்களை அடுக்கும் வரிசையும் இதே கணக்குத்தான். டிலே எதிரொலியை உருவாக்குவது. சின்ன ஆம்புகளில் பெரும்பாலும் எஃபெக்ட்ஸ் லூப் (ஆம்பின் முதல் கட்டத்துக்குப் பிறகு பெடலை இணைக்கும் வழி) இருக்காது. டிலே ஆம்புக்கு முன்னால்தான் நின்றாக வேண்டும். அப்போது எதிரொலியும் மூலஒலியும் ஒரே வால்வில் சேர்ந்து உடைந்து குழைந்துவிடும். எதிரொலியின் அளவைப் பாதியாகக் குறைத்தால் ஓரளவு தெளியும். அலையை முரட்டுத்தனமாக உடைக்கும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ் பெடல் கிட்டாருக்கு அடுத்தபடியாகவே இருக்கட்டும். அதன் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு என்பதால், தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் கிட்டாரின் சுருளோடு அது நேரடியாகப் பேச வேண்டும். இடையில் பஃபர் (இரண்டையும் பிரித்துவைக்கும் சிறு மின்சுற்று) வந்தால் உறவு முறிந்து ஒலி கூர்மையாகிவிடும்.

வீட்டில் மெல்லிய சத்தத்தில் தேடிப்பிடித்த டோன், சத்தம் ஏறியதும் கைவிட்டுப்போகும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியபடி, சத்தம் குறையும்போது தாழ்சுரங்களைக் கேட்கும் திறன் காதுக்கு வெகுவாகக் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட நாம் கூட்டிய பாஸ், சத்தம் ஏறியதும் அறையையே அமுக்கிவிடும். வாசிக்கப்போகும் சத்தத்திலேயே குமிழ்களை வைப்பதுதான் இதற்கு வழி.

நான் தொடங்கும் விதம் இது. பெடல் எதுவும் இல்லாமல், கிட்டாரின் வால்யூம் முழுதாக இருக்க, அழுத்தி மீட்டினால் மட்டும் உடையும் இடம்வரை ஆம்பின் குமிழை ஏற்றுகிறேன். பிறகு கிட்டாரின் வால்யூமை ஏழுக்கு இறக்குகிறேன். ஒலி தெளிகிறது, ஆனால் சற்று மங்கவும் செய்கிறது. கேபிளின் மின்தேக்குத்திறன், மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட், வால்யூம் குமிழின் தடையோடு சேர்ந்து மேல்சுரங்களை விழுங்குவதே காரணம். ஆறு மீட்டர் கேபிளை மூன்று மீட்டராக மாற்றினால் அந்த மங்கலில் பாதி போய்விடுகிறது.