மங்கா: கரைமீறிப் பரவும் படம்

ஜப்பானியப் படக்கதைகளுக்கு 'மங்கா' என்று பெயர். முதலில் உச்சரிப்பு. இந்தச் சொல்லைச் சிலர் 'மாங்கா' என்று நீட்டி எழுதுகிறார்கள். வேண்டாம். ஜப்பானியத்தில் முதலெழுத்து குறில். 'தங்கம்' என்பதில் 'தங்' எப்படியோ, இதில் 'மங்' அப்படி. 'ங்'குக்குப் பின்வரும் 'க' நம் வாயில் தானாகவே மெலிந்துவிடும் என்பதால் தமிழ் எழுத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிற சொல். நீட்டினால் மரத்தில் காய்க்கும் மாங்காயாகிவிடும். நம் மாங்காய் போர்த்துக்கீசியரிடம் போய் 'மங்கா' ஆகி, அவர்கள் வழியாக ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது உண்மை. அந்த மங்காவுக்கும் ஜப்பானிய மங்காவுக்கும் உறவில்லை. 'மங்காப் புகழ்' என்பதில் வரும் எதிர்மறைப் பெயரெச்சத்துக்கும் இதற்கும்கூடத் தொடர்பில்லை.

சொல்லைப் பிரித்தால் 'மன்', 'க' என்று இரண்டு சித்திர எழுத்துகள். 'க' என்றால் படம். திரைப்படத்தைக் குறிக்கும் 'எய்கா'வின் கடைசியில் நிற்பதும் இதே எழுத்துதான். அழகெல்லாம் 'மன்'னில் இருக்கிறது. அந்த எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கீற்றுகள் உண்டு. நீர் கரைமீறிப் பரவுவது அதன் பழைய பொருள். அதிலிருந்து கட்டில்லாமல், குறிக்கோள் வைக்காமல், மனம்போன போக்கில் என்ற பொருள்கள் கிளைத்தன. ஆக, மங்கா என்பது தூரிகை போன போக்கில் பெருகிய படம். சீனர்களின் 'மான்ஹுவா', கொரியர்களின் 'மன்ஹ்வா' இரண்டும் இதே எழுத்துகளின் வேறு உச்சரிப்புகள்.

1798இல் ஜப்பானிய எழுத்தாளர் சாந்தோ கியோதென் எழுதிய ஒரு படநூலின் முன்னுரையிலேயே சொல் வந்துவிட்டது. அதை ஊரறியச் செய்தவர் ஓவியர் ஹொகுசாய். 1814இல் அவருடைய 'ஹொகுசாய் மங்கா' முதல் தொகுதி வெளிவந்தது. மொத்தம் 15 தொகுதிகள். அவர் 1849இல் இறந்த பிறகும் வந்து, 1878இல்தான் முடிந்தன. மல்லர்கள், மீன்கள், பேய்கள், மழையில் போகிறவர்கள், அலைகள் என்று கண்ணில் பட்டதும் மனத்தில் பட்டதும் அவற்றில் குவிந்து கிடக்கின்றன. கதை கிடையாது. படங்களை வரிசையாக அடுக்கிக் கதை சொல்லும் வடிவத்துக்கு இந்தப் பெயர் நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில், கிதாசாவா ரகுதென் போன்ற ஓவியர்களின் காலத்தில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மங்கா ஓவியர் தெசுகா ஒசாமு அதற்கு இன்றைய வேகத்தையும் நீளத்தையும் கொடுத்தார்.

பிற மொழிகள் இதே கலைக்கு என்ன பெயர் வைத்தன என்று பார்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை. ஆங்கிலம் சிரிப்பை வைத்து 'காமிக்ஸ்' என்றது. பிரெஞ்சுக்காரர்கள் 'வரைந்த பட்டை' என்றார்கள். ஜப்பான் படத்தை மட்டும் சொல்லிக் கதையை விட்டுவிட்டது. தமிழுக்குக் கதை வேண்டும்: படக்கதை, சித்திரக்கதை, வரைகதை. சிலர் 'கேலிச்சித்திரம்' என்று பெயர்க்கிறார்கள். அது நாளிதழில் வரும் ஒற்றைக் கட்டப் படத்துக்கு உரிய பெயர், இங்கே பொருந்தாது.

என் தேர்வு வரைகதை. ஏற்கெனவே புழங்குகிற சொல்தான், நான் உருவாக்கியது இல்லை. அது வினைத்தொகை என்பதுதான் காரணம். வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை என்று முக்காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. நெடுந்தொடர்களை நினைத்துப் பாருங்கள். டோக்கியோவின் ஒரு காவல் சாவடியைக் களமாகக் கொண்ட 'கொச்சிகமே' தொடரை அகிமோதோ ஒசாமு 1976 முதல் 2016 வரை ஒரு வாரமும் தவறாமல் வரைந்து, 200ஆவது தொகுதியோடு நிறுத்தினார். அது வரைந்த கதை. 1968இல் தொடங்கிய 'கோல்கோ 13' தொடர் 2021 ஜூலையில் 201ஆவது தொகுதியைத் தொட்டு கின்னஸ் சாதனை படைத்தது. இரண்டே மாதத்தில் அதன் ஆசிரியர் சைத்தோ தகாவோ இறந்துவிட்டார். தான் இல்லாவிட்டாலும் தொடர் நிற்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அவருடைய குழுவினர் தொடர்ந்தார்கள். வரைந்தவர் போன பிறகும் வரைகின்ற கதை. இந்த நிலையை 'படக்கதை'யால் சொல்ல முடியாது, 'வரைகதை' சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஜப்பானிய மரபை மட்டும் தனித்துக் குறிக்க வேண்டிய இடத்தில் மங்கா என்றே எழுதலாம். பொதுப்பெயர் வரைகதை, அதில் ஒரு வகை மங்கா.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும்: தங்கோபன். தனித்து வெளியிடப்படும் நூல் என்று பொருள். நமக்குத் 'தொகுதி' போதும். மங்கா பெரும்பாலும் முதலில் பருத்த வார, மாத இதழ்களில் வரும். 'ஷோனென் ஜம்ப்' வார இதழ் 1990களின் நடுவில் ஒரே இதழை 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டது. மறுசுழற்சி செய்த முரட்டுத்தாள், படித்துவிட்டுக் கழிப்பதற்கென்றே ஆனது. நல்ல தாளில் அலமாரிக்குப் போவது தொகுதி. 200 தொகுதி ஓடும் தொடரில் ஒன்றிரண்டு பிரிந்து அநாதையாவதும் நடக்கும். அப்படியொன்று பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது. முன்னும் பின்னும் இல்லாத நடுத்தொகுதி, ஓரமெல்லாம் பழுப்பு.

அதைச் சிற்பமாக்கினேன். பழைய புத்தகங்களைக் கொண்டு செய்யும் சிற்பத்துக்குக் 'காகிதச் சிற்பம்' என்ற பெயர் பரவலாக இருக்கிறது. எனக்குப் 'புத்தகச் சிற்பம்' என்பதே சரியாகப் படுகிறது. கட்டு கலையாமல் புத்தகமே உருவம் மாறுகிறது அல்லவா? கத்தியால் அகழ்ந்து செய்வது செதுக்குச் சிற்பம், விரலால் செய்வது மடிப்புச் சிற்பம். 'ஒரிகாமி'யிலும் 'ஒரி' மடிப்பு, 'காமி' தாள்தான்.

மங்காத் தொகுதி வலமிருந்து இடமாகத் திறக்கும், முதுகு வலப்பக்கம். அதனால் ஒவ்வொரு தாளின் இட ஓரத்தையும் முதுகைத் தொடும்படி வலப்பக்கமாக மடித்து நகத்தால் நீவ வேண்டும். 200 பக்கம் என்றால் 100 மடிப்பு. முப்பதாவது தாளில் புத்தகம் மூட மறுக்கிறது. அறுபதைத் தாண்டும்போது முதுகுப் பசை மெல்ல முறிகிற ஓசை கேட்கிறது. அங்கே கை நிதானமாகிவிடும். நூறாவது முடிந்து நிமிர்த்தினால் அரைவட்டத் தூணாகத் தானே நிற்கிறது. ஒரு மடிப்பில் பாதிக் கண், அடுத்ததில் வாளின் நுனி, அதற்கடுத்து வெடிச்சத்தத்தைக் குறிக்கும் பெரிய எழுத்தின் ஒரு கால். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மடிப்புகளைப் பிரித்தால் கதையை இன்றும் படிக்கலாம், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நெடுக ஒரு கோடு ஓடும்.