இரவல் கிளாக்கில் ஓடும் டிரைவர்கள்

சாதனம் சும்மா கிடக்கும்போதே பேட்டரி இறங்குகிறது என்று புகார் வந்தால், பலரும் முதலில் சிபியூவைத்தான் சந்தேகப்படுவார்கள். எது அதை எழுப்புகிறது, எது தூங்க விடாமல் பிடித்திருக்கிறது என்று தேடல் தொடங்கும். நான் முதலில் திறப்பது கிளாக் சம்மரி கோப்பை. கிளாக் என்பது சிப்பின் ஒவ்வொரு பகுதியையும் தாளம் போட்டு இயக்கும் மின்துடிப்பு. லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டீபக்எஃப்எஸ் என்ற பிழைதேடும் கோப்பு அமைப்பை மவுன்ட் செய்தால் கிடைக்கும். சிப்பின் கிளாக் மரம் முழுவதும் அதில் வரிவரியாக இருக்கும்: எந்தக் கிளாக் எதிலிருந்து பிரிகிறது, என்ன அதிர்வெண், அதை எனேபிள் (ஓடவிடுதல்) செய்தவர்கள் எத்தனை பேர், பிரிப்பேர் (ஓடத் தயார் செய்தல்) செய்தவர்கள் எத்தனை பேர். திரை அணைந்து யாரும் தொடாமல் கிடக்கும் சாதனத்தில் கேமரா கிளாக்குக்கு எதிரே 1 என்று நின்றால், பாதி விசாரணை முடிந்துவிட்டது.

கிளாக் சிக்னல் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறி இறங்குகிறது, அந்தப் பகுதிக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இப்படி நிலை மாறுவதற்குச் செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து கூடும். கிளாக்கை நிறுத்தினால் இந்தச் செலவு நிற்கும். கசிவு மின்னோட்டம் நிற்காது. அதற்குப் பவர் டொமைனையே, அதாவது ஒன்றாக மின்சாரம் பெறும் சிப் பகுதியையே, அணைக்க வேண்டும். அப்படி அணைத்தால் பொதுவாக ரெஜிஸ்டர்களில் (சாதனத்தின் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) இருந்ததும் போய்விடும், எழுந்ததும் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். கிளாக்கை மட்டும் நிறுத்தினால் ரெஜிஸ்டர்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். அடிக்கடி நிறுத்தி அடிக்கடி தொடங்க அதுதான் தோது.

2012-இல் லினக்ஸ் 3.4 பதிப்பில், கிளாக்குகளை நிர்வகிக்கும் பொதுக் கோடான காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் வந்தது. அதற்கு முன் ஆர்ம் சிப் குடும்பங்கள் ஆளுக்கொரு கிளாக் கோட் வைத்திருந்தன. இதில் எல்லாமே கணக்குதான். ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் கர்னல் கோட்) எனேபிள் செய்தால் எண் ஒன்று கூடும், டிஸ்ஏபிள் செய்தால் ஒன்று குறையும், பூஜ்யத்தைத் தொட்டால் கிளாக் நிற்கும். மேலே உள்ள தாய்க் கிளாக்கின் கணக்கிலும் ஒன்று குறையும். பிரிப்பேர், எனேபிள் என்று இரண்டு படி எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அதிர்வெண்ணை உருவாக்கும் பிஎல்எல் சுற்று நிலைபெற்றுப் பூட்டிக்கொள்ளக் காத்திருக்க வேண்டும். சில கிளாக் சிப்களோடு ஐ2சி என்ற மெதுவான இணைப்பு வழியாகப் பேச வேண்டும். இதெல்லாம் தூங்கக்கூடிய, அதாவது நடுவில் காத்திருக்கும் வேலை, பிரிப்பேரில் நடக்கும். எனேபிள் தூங்காது, அதனால் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளிருந்தும் (சாதனம் அழைத்ததும் ஓடும், தூங்கக்கூடாத கோட்) அழைக்கலாம்.

சரி, கணக்கு இவ்வளவு எளிது என்றால் தகராறு எங்கே வருகிறது? தனக்கு வேண்டிய கிளாக்கைக் கேட்காமலே ஓடும் டிரைவர்களால். இரண்டு சாதனங்கள் ஒரே பஸ் (சிபியூ சாதனங்களோடு பேசும் பாதை) கிளாக்கில் தொங்குகின்றன என்று வையுங்கள். முதல் டிரைவர் அதை ஏற்றிவிட்டு இறக்குவதே இல்லை. இரண்டாவது டிரைவரை எழுதியவர் அந்தக் கிளாக்கைக் கேட்கவே மறந்துவிட்டார். இரண்டும் ஒழுங்காக ஓடும், எந்தச் சோதனையிலும் மாட்டாது. ஒருநாள் யாரோ முதல் டிரைவரில் ரன்டைம் பிஎம் (சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் கர்னல் வசதி) சேர்த்து, வேலையில்லாத நேரத்தில் கிளாக்கை நிறுத்துகிறார். அன்று விழுவது இரண்டாவது டிரைவர். எந்த மாற்றத்தால் கெட்டது என்று பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் செய்தால் விரல் நீளுவது, மின்சாரத்தை மிச்சப்படுத்திய அந்த பேட்ச்சை நோக்கி. அதை ரிவர்ட் செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று மூடிவிடுவார்கள். குற்றம் செய்தவன் தப்பித்துவிடுவான்.

விழும் விதமும் சிப்புக்குச் சிப் மாறும். கிளாக் இல்லாத சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படித்தால், சில சிப்களில் எக்ஸ்டர்னல் அபார்ட் என்று கர்னல் கத்தும். அது அதிர்ஷ்டம், எந்த வரி என்று கால் ட்ரேஸிலேயே (பங்ஷன் அழைப்புகளின் பட்டியல்) தெரிந்துவிடும். சிலவற்றில் பஸ் பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்க, மொத்தமும் உறைந்து, உறைந்த சாதனத்தை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் வந்துதான் மீட்கும். இன்னும் சிலவற்றில் பூஜ்யம் திரும்பி வரும். இதுதான் ரொம்ப மோசம், ஏனென்றால் டிரைவர் அதை உண்மையான பதில் என்று நம்பி மேலே போகும்.

கர்னலை ஏற்றிவிடும் பூட்லோடரிடம் வாங்கும் இரவலும் உண்டு. பூட்லோடர் ஏற்றிவைத்த கிளாக்குகளில், பூட்டின் கடைசிக் கட்டம் வரை யாரும் உரிமை கோராதவற்றைக் கர்னல் நிறுத்திவிடும். அந்த நொடியில் திரை கறுத்தால் அல்லது சீரியல் கன்சோல் ஊமையானால், ஏதோ ஒரு டிரைவர் தன் கிளாக்கைக் கேட்கவில்லை என்று அர்த்தம். கர்னல் கட்டளை வரியில் கிளாக் இக்னோர் அன்யூஸ்ட் (உரிமை கோராதவற்றை நிறுத்தாதே) என்று சேர்த்துப் பார்ப்பது நோயைக் கண்டுபிடிக்க நல்ல வழி. அதே வரியோடு சாதனத்தைக் கடைக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். டிரைவர் இல்லாமலே ஓடவேண்டிய கிளாக் என்றால் அதற்குக் கிரிட்டிக்கல் என்ற கொடி இருக்கிறது. அதைப் போடும்போது காரணத்தையும் கமென்ட்டில் எழுதுங்கள்.

எதிர்ப்பக்கக் கோளாறு, எண் இறங்காமல் நிற்பது. பெரும்பாலும், டிரைவர் சாதனத்தை முதலில் தயார்செய்யும் புரோப் பங்ஷனின் பிழைப் பாதையில் இருக்கும். கிளாக்கை ஏற்றியாயிற்று, அடுத்து மின்னழுத்தம் தரும் ரெகுலேட்டர் இன்னும் தயாராகவில்லை, புரோப் டிஃபர் (பிறகு முயற்சி செய்) என்று திரும்பிவிடுகிறது, ஏற்றியதை இறக்கவில்லை. கர்னல் மறுபடி புரோப் செய்யும்போதெல்லாம் எண் ஒன்று கூடும். கிளாக் சம்மரியில் ஒரே டிரைவர் பயன்படுத்தும் கிளாக்குக்கு 4, 5 என்று கண்டால் நேரே அந்தப் பாதைக்குப் போங்கள். ரன்டைம் பிஎம்மிலும் இதே வலை உண்டு: சாதனத்தை எழுப்பும் கெட் சிங்க் பங்ஷன் தோற்றாலும் எண்ணைக் கூட்டிவிட்டுத்தான் திரும்பும். தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும் ரெஸ்யூம் அண்ட் கெட் இருக்கிறது, புதுக் கோடில் அதையே பயன்படுத்துங்கள்.

நுணுக்கமான இன்னொன்று. சாதனத்தை நிறுத்தச் சொல்லி ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கிளாக்கை நிறுத்தினால், எழுதியது இன்னும் வழியிலேயே இருக்கலாம். சிபியூவைப் பொறுத்தவரை எழுதியாகிவிட்டது. சாதனத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதே ரெஜிஸ்டரை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு நிறுத்துங்கள். பகிரப்பட்ட இன்டரப்டிலும் கவனம் தேவை. பக்கத்துச் சாதனம் அழைத்தாலும் உங்கள் ஹேண்ட்லர் ஓடும், அப்போது உங்கள் கிளாக் நின்றிருக்கலாம். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் தொடுவதற்கு முன் சாதனம் விழித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரவல்காரர்களைப் பிடிக்க நான் செய்வது: சோதனைச் சாதனத்தில் ஆட்டோசஸ்பெண்ட் தாமதம் (வேலை முடிந்தபின் தூங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரம்) உள்ளவற்றுக்கெல்லாம், கர்னல் அமைப்புகளை மாற்ற உதவும் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் வழியாக அதைப் பூஜ்யமாக்கி, வழக்கமான சோதனைகளை இரவு முழுக்க ஓடவிடுவேன். எல்லோரும் வேலை முடிந்த கையோடு கிளாக்கை விட்டுவிடுவதால், அடுத்தவர் கிளாக்கில் ஓடியவர்கள் வரிசையாக விழுவார்கள். அப்புறம் தாமதத்தைப் பழையபடி வைத்துவிடுங்கள். பிஎல்எல்லை மில்லி விநாடிக்கொருமுறை அணைத்து ஏற்றினால், மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.