எரர் கோடு வந்ததும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றாதீர்கள்

செக் இன்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0171 என்று எரர் கோடு வருகிறது. உடனே, புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடும் பழக்கம் எங்கள் மெக்கானிக் தொழிலில் நிறையவே இருக்கிறது. அந்தக் கோடு சென்சார் கெட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. இன்ஜினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் சொல்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அந்தச் சென்சார்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெளிக்காற்றை இன்ஜினுக்குள் விடும் வெடித்த வேக்குவம் ஹோஸை அப்படியே விட்டால் லைட் திரும்ப எரியத்தானே செய்யும்?

ஏமாற்றுவதில் பெரிய ஆள், புகை வெளியேறும் பக்கத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் வரும் சின்ன விரிசல். சென்சாருக்கு முன்னால் புகை கசிந்தால், புகை துடித்துத் துடித்துப் போகிற இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்துச் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் சரியில்லை என்றாலும் இதே கதைதான். எரியாத பெட்ரோல் வெளியே போனாலும், கூடவே போகும் பயன்படாத ஆக்சிஜனைத்தான் சென்சார் பார்க்கும்.

சரி, சென்சாரையே சோதிப்பது எப்படி? பழைய வகை சிர்கோனியா சென்சார் என்றால் இன்ஜின் நன்றாகச் சூடானபின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளதன் வோல்டேஜை ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பாருங்கள். சுமார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் மேலே பாய வேண்டும், விட்டதும் கீழே விழ வேண்டும். இந்த அசைவு சோம்பலாக இருந்தால் சென்சார் வயதாகிவிட்டது. 0.45 பக்கத்திலேயே அசையாமல் நின்றால் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது சென்சார் சூடாகவில்லை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சார் அதிகம் ஆடாமல் இருப்பதுதான் நல்லது. அதைப் பார்த்துப் பயந்து மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் ஏர் ஃப்யூவல் சென்சார் வருகிறது, அதற்கு இந்த வோல்டேஜ் கணக்கு செல்லாது.

பி0135 வந்தால் விஷயம் வேறு, அது சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டருக்கான கோடு. முதலில் ஃப்யூஸ். அப்புறம் கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். சில ஓம்கள் காட்டினால் நல்லது. ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றலாம்.

மாற்றினால் பழைய சென்சாரைக் கேட்டு வாங்கி நுனியைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் பூச்சு என்றால் கூலன்ட் உள்ளே கசிந்திருக்கலாம், அல்லது யாரோ சென்சாருக்கு ஆகாத சிலிகான் சீலன்ட்டைத் தாராளமாகப் பூசியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதுச் சென்சாரும் அதே பூச்சோடு திரும்பி வரும்.