பலூன் லைட்: சொல்லும் பொருளும், தமிழில் ‘ஊதுபை விளக்கு’

தமிழக, கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்தில் பந்தல் போடுவோரும் ஒலி ஒளி அமைப்போரும் சாலைப்பணி எடுத்துச் செய்வோரும் ‘பலூன் லைட்’ என்று சொல்லும்போது, பிறந்தநாள் வீட்டில் தொங்கவிடும் அலங்காரத்தைக் குறிப்பதில்லை. முக்காலியின் (டிரைபாட்) மேலோ கம்பத்தின் மேலோ ஏற்றிய வெள்ளைத் துணி உறைக்குள் சிறு மின்விசிறி காற்றைச் செலுத்திப் புடைக்க வைக்க, நடுவே எரியும் விளக்கின் ஒளியை உறை முழுவதும் வாங்கி நாற்புறமும் பரப்பும், இருவர் தூக்கிச் சென்று சில நிமிடங்களில் நிறுத்திவிடக்கூடிய பணியிட விளக்கையே அச்சொல் குறிக்கிறது.

பலூன் என்பது ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல். இத்தாலிய மொழியில் ‘பல்லா’ என்றால் பந்து. அதனோடு பெரிய அளவைக் குறிக்கும் ‘ஓனே’ என்ற விகுதி சேர்ந்து ‘பல்லோனே’, அதாவது பெரிய பந்து, என்றாயிற்று. பிரெஞ்சில் அது ‘பலோன்’. ஆங்கிலத்தில் முதலில் காற்றடைத்த தோல்பந்தையும் அதைக் கொண்டு ஆடும் ஆட்டத்தையும் குறித்த இச்சொல், 1783இல் பிரான்சின் மோன்கோல்பியே உடன்பிறந்தார் சூடான காற்றால் கூண்டு ஒன்றை வானில் எழுப்பிக் காட்டிய பிறகே பறக்கும் பொருளுக்கு உரிய பெயராக நிலைபெற்றது. ஆகவே சொல்லின் வேரில் இருப்பது பறத்தலன்று. காற்றால் பெருத்த வடிவமே. நம் விளக்கும் பெரும்பாலும் பறப்பதில்லை என்பதால் பெயர் பொருந்தியே நிற்கிறது.

‘விளக்கு’ என்பதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். விளங்கு என்றால் ஒளிர். விளக்கு என்றால் ஒளிரச் செய், தெளிவாக்கு. எல்லைக்கு அப்பாலும் அதே சொல்தான். சபரிமலைக்குப் போகிறவர்கள் மகரவிளக்கு என்பதைத் தமிழாகவே கேட்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூர் ஆட்சிப் பகுதியோடு சேர்ந்திருந்த செங்கோட்டையில் இப்படிப்பட்ட பொதுச்சொற்களுக்குக் குறைவில்லை.

சரியான தமிழ்ப்பெயரைத் தேடும் முன், இந்த விளக்கு செய்யும் வேலையைப் பார்த்துவிட வேண்டும். ஃபோகஸ் லைட்டில் ஒளி புறப்படும் பரப்பு உள்ளங்கை அளவுதான். அத்தனை வெளிச்சமும் அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வருவதால் அதை நேரே பார்ப்பவரின் கண் கூசி, அடுத்த சில நொடிகளுக்கு எதிரே இருப்பது புலப்படுவதில்லை. அதே ஒளியை ஒரு மீட்டர் விட்டமுள்ள உருண்டை உறைக்குள் வைத்தால் அது ஏறத்தாழ 3.14 சதுர மீட்டர் பரப்பிலிருந்து வெளியேறுகிறது. துணி ஓரளவு ஒளியை உறிஞ்சினாலும், கூச்சம் பெரிதும் தணிந்து, நிழலின் ஓரங்கள் மென்மையாகிவிடுகின்றன. பள்ளத்துக்குள் குனிந்து குழாய் இணைப்பவருக்குத் தம் நிழலே வேலையை மறைக்கும் தொல்லையும் குறைகிறது.

புளியரைக்கு மேலே எஸ் வளைவுகளில் இந்தக் குணம் உயிர் காக்கும் குணமாகிறது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்தோ மண் சரிந்தோ கிடக்கும் சாலையை இரவோடு இரவாகத் துப்புரவு செய்யும்போது, பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும் கணத்தில் ஓட்டுநரின் முகத்தில் ஃபோகஸ் லைட் அடித்தால், கொடி காட்டி நிற்கும் தொழிலாளியை அவர் காணவே முடியாது. பரந்த ஒளி அந்த ஆளையும் சாலை ஓரத்தையும் ஒருங்கே காட்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி பொதுவான கட்டுமானப் பணிக்குக் குறைந்தது 5 அடிக்கேண்டில், அதாவது ஏறத்தாழ 54 லக்ஸ், வெளிச்சம் வேண்டும் என்கிறது. ஒரு விளக்கை வைத்துவிட்டு வேலை நீள நீள ஆட்களை இருட்டுக்குள் தள்ளிக்கொண்டே போவது தவறு. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும், ஆதலால் விளக்கையும் வேலையோடு நகர்த்த வேண்டும்.

இந்த ஊர்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்று, ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருவது. காற்றடைத்த உறை பாய்மரம்போல் அதை வாங்கிக்கொள்ளும். ஆகையால் முக்காலியின் கால்களை முழுதும் விரித்து, ஒவ்வொன்றிலும் மணல் மூட்டை வைத்து, மூன்று திசையிலும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள காற்று வேகத்தைத் தாண்டினால் தயங்காமல் இறக்கிவிட வேண்டும். மின்கம்பிக்கு அடியில் நிறுத்தவே கூடாது. ஈரத்தில் வேலை செய்வதால் ஜெனரேட்டருக்கு எர்த் கம்பியும், கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனமும் இருந்தே ஆக வேண்டும். வாடகையில் இதைக் குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

விழாக்களில் இதன் பயன் வேறு விதம். கோயில் கொடை விழாவில் சாமக்கொடை என்னும் பூசை நடுநிசியில் நடக்கும். வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் மணிக்கணக்கில் ஒரே திசையை நோக்கி அமர்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் அடிக்காமலும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் வழி தெரிந்து எழுந்து போகும்படியும் ஒளி தர இவ்விளக்கு மிகவும் ஏற்றது. மெட்டல் ஹாலைடு விளக்கு வைத்த பழைய வகையில் ஒரு குறை உண்டு: ஜெனரேட்டர் ஒரு முறை நின்றுவிட்டால், விளக்கு ஆறிய பின்னரே மறுபடி எரியும் என்பதால் கூட்டம் பல நிமிடம் இருட்டில் நிற்கும். எல்இடி வகை உடனே எரிகிறது. மழை ஓய்ந்த இரவில் ஈசல் மொய்ப்பதும் மஞ்சள் சாயலுள்ள எல்இடியில் குறைவு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களுக்குப் போடும் அன்னதானப் பந்தலில் பந்திப் பக்கம் இதை நிறுத்தலாம். அடுப்புப் பக்கம் ஆகாது, துணி பொறிக்கு அஞ்சும்.

கயிற்றில் கட்டி மேலே மிதக்கவிடும் ஹீலிய வகையும் உண்டு. ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத்தான் தூக்கும். ஆகவே பெரிய உறையும் மிகுந்த செலவும் தேவைப்படுவதால் சாலைப்பணிக்கு இது ஒத்துவராது.

இனித் தமிழ்ப்பெயர். வேர்ப்பொருளைப் பின்பற்றிப் ‘பந்து விளக்கு’ என்றால், நீள்வட்டமாகவும் உருளையாகவும் வரும் உறைகள் விடுபடும். தீப்பந்தத்தின் நினைவும் குறுக்கிடும். ‘குமிழ் விளக்கு’ காதுக்கு இனியது, மலையாளத்தின் ‘குமிள’யோடும் ஒட்டியது, ஆனால் இலங்கைத் தமிழில் மின்குமிழ் என்பது சாதாரண பல்பு. ‘காற்றுப்பை’ காரில் விபத்தின்போது விரியும் பைக்குப் போய்விட்டது. ‘நிலா விளக்கு’ அழகுதான், எனினும் பொருளின் அமைப்பைச் சொல்லவில்லை.

என் தேர்வு ‘ஊதுபை விளக்கு’. ஊதுபத்தி, ஊதுகுழல் ஆகியவற்றைப் போல ஊதுபையும் வினைத்தொகை: ஊதிய பை, ஊதுகின்ற பை, ஊதும் பை என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். விளக்கு எரியும் நேரமெல்லாம் விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் அந்த இலக்கணம் இந்தக் கருவிக்கு முழுமையாகப் பொருந்துகிறது. மிதக்கும் வகையை ‘மிதவை ஊதுபை விளக்கு’ எனலாம். காற்றில்லாமல் குடைக்கம்பி போன்ற சட்டத்தால் விரியும் வகையும் அதே பெயரில் விற்கப்படுகிறது. அதற்கு ஊதுபை என்ற பெயர் செல்லாது, ‘குடையுறை விளக்கு’ என்றே வழங்க வேண்டும்.

பேச்சில் பலூன் லைட் என்பது தொடரட்டும். வாடகைச் சீட்டிலும் பணி ஒப்பந்தத்திலும் விழாக்குழு அறிவிப்பிலும் ‘ஊதுபை விளக்கு (பலூன் லைட்), எல்இடி, 600 வாட், முக்காலியுடன், 2 எண்ணம்’ என்று சில காலம் இரு பெயரையும் சேர்த்தே எழுதலாம். வாட் அளவும் முக்காலியின் உயரமும் அதில் விடுபடக் கூடாது.