மன்னிப்பு உருதுச் சொல்லா?

“மன்னிப்பு உருது வார்த்தை, ஜெபத்தில் இனி ‘பொறுத்தருளும்’ என்றே சொல்லுங்கள்.” ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் மட்டும் இந்தச் செய்தி மூன்று முறை என் போனுக்கு வந்துவிட்டது. போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து அதையே சொன்னார்.

வேலூரில் இருந்துகொண்டு இதை எப்படி நம்புகிறோம்? ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உருது தினமும் காதில் விழுகிறது. அவர்கள் சொல்வது ‘மாஃப்’, ‘மாஃபி’. சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’. இரண்டுக்கும் மதித்தல் என்ற பொருளும் உண்டு. ‘மன்னிப்பு’க்கு உறவான சொற்கள் இவைதான். சரி, சொல்லின் பிறப்பைப் பற்றி அவ்வளவு போதும்.

பொறுத்தல் நல்ல தமிழ். குறளில் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. கத்தோலிக்க ஜெபங்களில் பழகிய சொல்லும்கூட. ஆனால் வட்டிக்காரர் “ரெண்டு மாசம் பொறுத்துக்கிறேன்” என்றால் கடன் எங்கே போனது? அப்படியே நிற்கிறது. 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்களே, அது வேறு. தகுதியிருந்தவர்களுக்கு நகை வீடு திரும்பியது. பொறுத்தல் என்றால் சுமத்தலும்தான், இயேசு நம் பாவத்தைச் சுமந்தாரே, அதனால் பொறுத்தல் பொருந்தும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். அழகான வாதம்தான். ஆனால் இன்று ‘பொறுத்தருளும்’ என்றால் ‘கொஞ்சம் சகித்துக்கொள்ளும்’ என்றுதான் காதில் விழுகிறது.

பைபிளில் லூக்கா 7-ஐப் பாருங்கள். சீமோன் என்ற பரிசேயன் வீட்டு விருந்தில், ஊரார் பாவி என்று ஒதுக்கிய ஒரு பெண் வந்து இயேசுவின் பாதத்தில் அழுது தைலம் பூசுகிறாள். சீமோன் மனசுக்குள் குறை சொல்ல, இயேசு அவனுக்கு இரண்டு கடன்காரர் கதை சொல்கிறார். ஒருவனுக்கு 500 வெள்ளிக்காசு கடன், மற்றவனுக்கு 50. ஒரு காசு ஒரு நாள் கூலி. 500 என்றால் ஒன்றரை வருஷ உழைப்பு. இருவராலும் கட்ட முடியவில்லை. ‘இருவருக்கும் கடனை மன்னித்துவிட்டான்.’ அங்கே கிரேக்கச் சொல் ‘காரிஸ்’, அதாவது கிருபை, என்பதிலிருந்து வருவது. அந்தப் பெண்ணின் பாவங்களைப் பற்றிச் சொல்லும்போது வரும் சொல்லுக்கு விட்டுவிடுதல், போகவிடுதல் என்று பொருள். இரண்டிலும் சகிப்பு இல்லை.

அப்புறம், அந்தப் பெண்ணைப் பற்றி இயேசு சொன்ன ‘இவள் மிகவும் அன்புகூர்ந்தாளே’ என்பதை, அன்பு காட்டியதற்குக் கூலியாகத்தான் மன்னிப்பு கிடைத்தது என்று பிரசங்கிக்கிறார்கள். கடன்காரர் கதையில் தள்ளுபடி முதலில், அன்பு பிறகு. ஆண்டவர் நம்மைச் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் பயந்து நடப்போம். சீமோன் வீட்டில் அந்தப் பெண் தைலம் பூசி அழுதது பயத்தில் அல்ல, கணக்கு தீர்ந்துபோன சந்தோஷத்தில்.

ஜெபம் நடத்துகிற தம்பிகளே, ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற வரியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.