வாங்குபவரிடமே விலை கேட்காதீர்கள்

மறைந்த அம்மாவின் நகைகளைப் பங்கிடுவதற்காக மூன்று பிள்ளைகளும் சேர்ந்து என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தார்கள். அவற்றுள் கனத்த காப்பு ஒன்று. உரைகல்லில் தேய்த்தேன், 22 காரட் மாற்று தெரிந்தது. எக்ஸ்ரே கருவியும் 91.6 சதவீதம் தங்கம் என்றது. ஆனாலும் அதன் பருமனுக்கு ஏற்ற கனம் கையில் இல்லை. நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தேன். 40 கிராம் காப்பு 22 காரட்டாக இருந்தால் நீரில் ஏறத்தாழ 2.25 கிராம் குறைய வேண்டும். குறைந்ததோ 3.6 கிராம். அப்படியானால் உள்ளே தங்கத்தைவிட அடர்த்தி குறைந்த ஏதோ இருக்கிறது. மூவரின் சம்மதத்தோடு உட்புறத்தில் அரத்தால் ஆழமாக அராவினேன். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. உள்ளே முழுவதும் வெள்ளி.

கருவியின் மேல் குற்றமில்லை. தங்கத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆழம்தான் பார்க்கும். நீர் எடையும் எப்போதும் காப்பாற்றாது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3, தங்கக் கட்டிகளுக்குள் டங்ஸ்டனை வைத்தால் தராசால் கண்டுபிடிக்க முடியாது. உருக்கிப் பார்ப்பதே மிகத் துல்லியம், ஆனால் பொருளில் கொஞ்சம் அழிந்துபோகும். ஒரே சோதனையை நம்பிக் கையெழுத்திடுவதை நான் விட்டுப் பல காலமாகிறது.

சோதனையைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பலர், பொருளை வாங்கப்போகிறவரிடமே அதன் மதிப்பைக் கேட்கிறார்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். விலை குறைந்தால் அவருக்கு லாபம். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரிடமும் போகாதீர்கள். தொகை ஏறினால் அவர் கூலியும் ஏறும். செய்யும் வேலைக்குத்தான் கூலி இருக்க வேண்டும்.

எதற்காக மதிப்பு வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காப்பீட்டுக்கு, அதே போன்ற பொருளைப் புதிதாக வாங்க ஆகும் தொகையை எழுதுவோம். விற்பதற்கென்றால் சந்தையில் கைக்கு வரும் தொகை. அது பெரும்பாலும் குறைவு. இரண்டும் சரியான மதிப்புகள்தான். காப்பீட்டுச் சான்றைக் காட்டி அந்த விலைக்கே விற்க வந்து மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காப்பைப் பற்றிச் சொன்னதும் மூத்தவர், "தங்கம் என்றே எழுதிவிடுங்கள், என் பங்கில் வைத்துக்கொள்கிறேன். அம்மா ஏமாந்தார் என்று தாளில் இருக்க வேண்டாம்" என்றார். பாசத்தில் கேட்டார், எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் நாளை அந்தத் தாளை நம்பி வேறொருவர் பணம் கொடுக்கலாம். "தங்க மேற்பூச்சுள்ள வெள்ளிக் காப்பு" என்று எழுதி, செய்த சோதனைகளையும் தேதியையும் குறித்துக் கையெழுத்திட்டேன். யார் ஏமாந்தார் என்று எழுதவில்லை.