கூட்டிலிருந்து களவாடப்படும் காக்கட்டூக்கள்

பறவைகளுக்குச் சிகிச்சையளிக்கும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், என்னிடம் கொண்டுவரப்படும் காக்கட்டூ கிளியின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன். பண்ணையில் பிறந்த குஞ்சுக்கு, பாதம் பருக்கும் முன்பே, மூட்டில்லாத முழு வளையத்தை மாட்டிவிடுவார்கள். வளர்ந்த பறவையின் காலில் அதை நுழைக்க இயலாது. வளையம் இல்லை என்பதாலேயே அது காட்டில் பிடிக்கப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. எனினும், அது எங்கே பிறந்தது என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் மட்டுமே இயற்கையாக வாழ்வதும், அங்கே 'கட்டாலா' என்று அழைக்கப்படுவதுமான வெள்ளைக் காக்கட்டூ, வாலடியில் சிவந்த இறகுகள் கொண்ட சிறிய பறவை. ஒருகாலத்தில் அத்தீவுகளில் பரவலாக இருந்த அது, இன்று பெரும்பாலும் பலவான் பகுதியில்தான் எஞ்சியிருக்கிறது. தாழ்நிலக் காடுகளும் அலையாத்திக் காடுகளும் அழிந்தது ஒரு காரணம் என்றால், விற்பனைக்காகக் குஞ்சுகளைக் களவாடுவது மற்றொன்று. உயர்ந்த மரப்பொந்தில் இரண்டு மூன்று முட்டைகளே இடும் இணையிடமிருந்து குஞ்சுகளை எடுத்துவிட்டால், அவ்வாண்டின் இனப்பெருக்கமே வீணாகிறது. முதிர்ந்த பறவைகள் நெடுங்காலம் வாழ்பவை என்பதால், அடுத்த தலைமுறை உருவாகாத இழப்பு உடனே வெளியில் தெரிவதுமில்லை.

பலவானில் உள்ள நர்ரா என்ற ஊரின் கரையை அடுத்த ராசா தீவில் 1998-இல் ஏறத்தாழ 25 பறவைகளே இருந்தன. கட்டாலா அறக்கட்டளையினர், முன்பு குஞ்சு திருடியவர்களையே ஊதியம் கொடுத்துக் காவலர்களாக்கினார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்தில் கூடு இருக்கிறது என்று அவர்களைவிட அறிந்தவர் யார்? இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்றே கருதுகிறேன். பின்னர் அங்கே பறவைகள் 200-ஐத் தாண்டின; 2006-இல் தீவு சரணாலயமானது. நம் கொல்லையில் நிற்கும் அதே முருங்கை அங்கும் உண்டு. அதன் விதைகள் இப்பறவைகளுக்கு முக்கிய உணவு. மழை பொய்த்தால் இரை குறைந்து, கூட்டிலேயே குஞ்சுகள் பட்டினியால் இறக்கின்றன.

இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் உள்ள இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் காட்டாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் அச்சத்தில் பறவையைத் திறந்துவிடவும் வேண்டாம்: கூண்டில் வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது, அதன் உடலில் அலகையும் இறகையும் தாக்கும் நோய்க்கான வைரஸ் இருந்தால் நம் ஊர்ப் பச்சைக்கிளிகளுக்கும் அது தொற்றக்கூடும்.